சகலை மாற்றிய பன்னிரண்டு வோல்ட்

கார் எலெக்ட்ரீஷியனான என் வீட்டுக்காரர், பேட்டரியைத் தொட வரும் எவரையும் "மொதல்ல மோதிரத்தைக் கழட்டு" என்று அதட்டுவார். ஒரு டாக்டரின் பழைய காரை ஆறு வோல்ட் பேட்டரியிலிருந்து பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றும் வேலை இவருக்கு வராமல் என் தங்கை கணவருக்குப் போனது. அன்றிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. "அவனுக்கு ஃபியூஸ் போடக்கூடத் தெரியாது" என்று பொருமினார்.

வேலை முடிந்ததும், குறை கண்டுபிடிக்கவே என்னையும் இழுத்துக்கொண்டு சகலையின் ஷெட்டுக்குப் போனார். ஒயர், பல்பு, ஃபியூஸ் எல்லாமே புதுசு. விடுவாரா? பேட்டரியின் பிளஸ் முனையாவது லூசாக இருக்கும் என்று, அதன் ரப்பர் மூடியைக் கழற்றி ஸ்பேனரைப் போட்டார். ஸ்பேனர் பிடித்த விரலின் மோதிரம் காரின் இரும்பில் உரசியது. படீரென்று பொறி பறந்தது. அலறிக்கொண்டு கையை உதறினார்.

சகலை ஓடிவந்து விரலைத் தண்ணீரில் பிடித்தார். "என்னண்ணே, மோதிரத்தக் கழட்டலயா? நீங்கதானே எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க!"

வீடு வந்து சேர்ந்ததும் வாசலிலேயே இவர் வெடித்தார்: "பாத்தியா? பிளஸ் முனைக்கு மூடியே இல்ல. அவனுக்கு வேலை தெரியாதுன்னு நான் அப்பவே சொன்னேனே!"

இரவு துவைக்க எடுத்தபோது, அந்த மூடி இவர் சட்டைப் பையில் இருந்தது.