சூட்டோடு தட்டிய இரும்பு

கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி மண்ணச்சநல்லூர் போகிற பஸ்ஸில் தினமும் நான் ஒரே ஒரு ஆளைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டு போவேன். காதலன் இல்லை. என் பழைய மேனேஜர். அந்த ஆள் நாலு பேர் முன்னால் வாயடைத்து நிற்பதை என் கண்ணால் பார்க்க வேண்டும். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் விவரமாக நினைப்பேன். நின்றுகொண்டு போனால் சுருக்கமாக.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. அவர் ஸ்ரீரங்கம் கோயிலில் கைங்கர்யம் செய்கிறவர். ஒருநாள் சன்னதியில் நான் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்துவிட்டது.

"ஏண்டி, பெருமாள்கிட்ட கேக்கற விஷயமா இது?"

"வேற யார்கிட்டப்பா கேக்கறது?"

"நன்னா சேவிச்சுட்டு ஆத்துக்கு வா. எல்லாத்தையும் அவர் பாத்துப்பார்."

அவர் பார்த்துக்கொள்ளட்டும். நானும் கூட இருந்து பார்க்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுதல்.

பிசிக்ஸ் படித்து முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை, திருச்சிக்கு வெளியே ஒரு ஃபவுண்டரியில். காஸ்டிங் என்கிற, உருக்கி வார்த்த இரும்புச் சாமானில் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று, அதை உடைக்காமல் அறுக்காமல் கண்டுபிடிக்க வேண்டும். கடையில் மண்சட்டி வாங்கும்போது தட்டிப் பார்த்து வாங்குகிறோமே, அதேதான். காஸ்டிங்கை ரப்பர் மேல் வைத்து, சின்ன சுத்தியலால் ஒரு தட்டு. அது அதிர்கிற ஓசையை மைக் கேட்கும். கம்ப்யூட்டர் அதை எண்ணாகக் காட்டும். ஃப்ரீக்வென்சி என்பார்கள். எங்கள் வீட்டுப் பழக்கத்தில் நான் சுருதி என்பேன். ஒரே அச்சில் வார்த்த நல்ல சாமான்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்கும். விரிசல் விட்டது இறங்கி ஒலிக்கும். அதனால் முதலில் நல்ல சாமான்களாகப் பார்த்துத் தட்டி, இதற்குக் கீழே போனால் கழித்துவிடு என்று மெஷினுக்கு ஒரு எல்லை வைத்துத் தர வேண்டும்.

இதில் ஒரு வம்பு உண்டு. இரும்பு சூடாக இருந்தாலும் சுருதி இறங்கும். கொஞ்சம்தான். நம் காதுக்குத் தெரியாது, மெஷினுக்குத் தெரியும்.

மெஷின் வந்து இறங்கியது கத்திரி வெயிலில். எல்லை வைப்பதற்காக எடுத்து வைத்த சாமான்கள் தகரக் கொட்டகைக்குக் கீழே கிடந்து, கை வைக்க முடியாமல் கொதித்தன.

"சார், ஆறட்டும். இப்ப வெச்சா எல்லை கீழ போயிடும். அப்புறம் விரிசல் விட்டதெல்லாம் பாஸாயிடும்."

"இரும்புக்கு என்னம்மா, ஜுரமா அடிக்குது? நாளைக்கு லோடு போகணும். தட்டு."

தட்டினேன். அவர் மேனேஜர், நான் வேலைக்குப் புதுசு. மறுநாளும் சொன்னேன், மறுவாரமும் சொன்னேன், ஆறினதைத் தட்டி எல்லையை மாற்றி வைத்துவிடலாம் என்று. மெஷின் நன்றாகத்தானே ஓடுகிறது, அதில் எதற்குக் கை வைக்கிறாய் என்று வாயை அடைத்துவிட்டார்.

மார்கழியில் வினை வந்தது. காலைக் குளிரில் ஜில்லென்று இருந்த விரிசல் சாமான்கள், வெயிலில் கொதித்த நல்ல சாமான்களின் சுருதியில் ஒலித்தன. மெஷின் பச்சை விளக்கு காட்டி அனுப்பிவிட்டது. வாங்கியவர்கள் போல்ட்டை முறுக்கும்போதே சாமான் பிளந்துகொண்டது.

அவர்கள் நேரில் வந்து உட்கார்ந்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். மேனேஜர் என்னை விரலால் காட்டினார்.

"மெஷினை செட் பண்ணினது இந்தப் பொண்ணுதாங்க. படிச்ச பொண்ணாச்சேன்னு நம்பி விட்டுட்டேன்."

"சார், சூடா இருக்குன்னு நான் அன்னிக்கே..."

"கேட்டீங்களா? இரும்பு சூடா இருந்துச்சாம். ஜுரம் பாத்து மாத்திரை குடுக்கணுமாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு என் வேலை போயிற்று. வேலை போனதைக்கூட விடுங்கள். பெயர் போயிற்று. திருச்சியில் இரும்பு வேலை செய்கிற இடங்களில் ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் கிடையாது. எங்கே இன்டர்வியூவுக்குப் போனாலும், "ஓ, அந்த ஜுரப் பொண்ணா நீங்க?" என்பார்கள். அப்புறம் பேச்சு என்ன நடக்கும்? கே.கே. நகரில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளுக்குப் பிசிக்ஸ் ட்யூஷன் எடுத்துக் காலம் தள்ளினேன். வெப்பம் என்ற பாடம் வரும்போதெல்லாம் பென்சில் முனையை ஒடித்துவிடுவேன், கோபத்தில்.

கடைசியில் என்னைச் சேர்த்துக்கொண்டவர், மண்ணச்சநல்லூரில் அரிசி மில்லுக்கு மெஷின் செய்கிற ஒரு முதலாளி. நெல் விளைவிக்கிற குடும்பத்துக்காரர். ஜுரப் பொண்ணு கதை அவர் வரை எட்டவில்லை. வெளியே வாங்குகிற காஸ்டிங்குகளைத் தட்டிப் பார்ப்பது என் பொறுப்பு. ஏசி போட்ட ஒரு சின்ன அறையைக் கேட்டு வாங்கினேன். மெஷினுக்கு வெயில் ஆகாது என்று மட்டும் சொன்னேன், இரும்புச் சூட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. எந்தச் சாமானும் ஓர் இரவு அங்கே கிடந்து ஆறின பிறகுதான் தட்டுவேன். மெஷின் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க, நல்லது என்று உறுதியான ஒரு மாஸ்டர் பீஸும் எப்போதும் அந்த அறையிலேயே இருக்கும்.

முதலாளி தன் பங்குக்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார். கழித்த சரக்கை இன்னொரு தடவை பாருங்க, இன்னொரு தடவை பாருங்க என்று வந்தவர்களெல்லாம் அவர் உயிரை எடுத்ததால், மறுபடி தட்ட வேண்டுமென்றால் சரக்கு கொண்டுவந்தவர் தன் வாயால், எல்லோர் முன்னாலும் காரணம் சொல்ல வேண்டும். காரணம் இல்லையென்றால் வண்டி திரும்ப வேண்டும்.

போன சித்திரையில், மத்தியான வெயிலில், திறந்த வண்டியில் புது ஆள் ஒருவரின் முதல் சரக்கு வந்தது. வண்டியிலிருந்து இறங்கினவரைப் பார்த்ததும் எனக்குக் காது அடைத்துப் போயிற்று. என் மேனேஜர். சொந்தமாக ஃபவுண்டரி ஆரம்பித்திருக்கிறாராம். இந்தச் சரக்கு தேறினால் வருஷம் முழுக்க ஆர்டர்.

"அட, நீங்களா மேடம்! நாமெல்லாம் பழைய ஆளுங்களாச்சே" என்றார், பல் முழுக்கத் தெரிய. மேடமாம்!

முறைப்படி சொல்ல வேண்டியதை நான் சொன்னேன். ஒரே ஒரு தடவை சொன்னேன், குரலைத் தாழ்த்தியே சொன்னேன்.

"ரூம்ல வெச்சுட்டுப் போங்க சார். காலையில தட்டிடறேன்."

"அதெல்லாம் வேணாம் மேடம். இன்னிக்கே முடிவு தெரியணும். இப்பவே தட்டுங்க."

முதலாளியும், "சார்தான் கேக்கறாருல்ல, பாத்துடும்மா" என்றார்.

வெயிலில் கொதித்த காஸ்டிங்கைக் கையுறை போட்டுத் தூக்கி ரப்பர் மேல் வைத்தேன். தட்டினேன். சிவப்பு. அடுத்ததும் சிவப்பு. அதற்கடுத்ததும். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதுவரை அனுபவித்ததில்லை. கல்யாண வீட்டில் இலை போட்டு வரிசையாகப் பரிமாறுகிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து நிதானமாகத் தட்டினேன்.

"மைக்ல ஏதோ கோளாறு" என்றார் மேனேஜர். மாஸ்டர் பீஸை வைத்துத் தட்டினேன். பச்சை. "ரப்பர் தேஞ்சிருக்கு" என்றார். புது ரப்பர் போட்டு மாஸ்டர் பீஸைத் தட்டினேன். பச்சை. சுத்தியலைக் குறை சொன்னார். சுத்தியலை மாற்றினேன். பச்சை. பட்டறை ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வாசலில் கூடிவிட்டார்கள்.

"சார், சரியான காரணம் இருந்தா சொல்லுங்க. இல்லேன்னா வண்டியைத் திருப்பிடுங்க" என்றார் முதலாளி.

மேனேஜர் ஒரு காஸ்டிங்கின் மேல் கையை ஊன்றி, உடனே வெடுக்கென்று எடுத்தார். அந்த நொடியில் அவருக்குப் புரிந்தது. அவருக்குப் புரிந்தது எனக்கும் தெரிந்தது. என்னைப் பார்த்தார். நீயே சொல்லிவிடேன் என்கிற பார்வை. நான் ஏசியின் அளவைச் சரிபார்க்கப் போய்விட்டேன்.

"சூடா இருக்குங்க" என்றார், தொண்டைக்குள்.

"என்ன சார்? ஏசி சத்தத்துல காதுல விழல" என்றேன்.

"காஸ்டிங் சூடா இருக்கு. அதனாலதான் இறங்குது. ஆறினா சரியாயிடும்."

முதலாளிக்கு ஆச்சரியம். "இரும்பு சூடானா அப்படி ஆகுமா?"

"ஆகுங்க. யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க."

"யாரைக் கேட்டாலுமா சார்?" என்றேன். "அப்போ சூட்டோட எல்லை வெச்ச ஒரு மெஷின், விரிசல் விட்டதைப் பாஸ் பண்ணினா, அது யார் தப்பு?"

"வெக்கச் சொன்னவங்க தப்பு."

எனக்கு அது போதவில்லை.

"வெக்கச் சொன்னது யார் சார்?"

முதலாளி ஒன்றும் புரியாமல் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த ஆளின் காதோரம் வியர்வை வழிந்தது.

"நான்தான்" என்றார்.

மறுநாள் காலை, ஆறின சரக்கைத் தட்டினேன். ஒன்றுகூட விழவில்லை. எல்லாம் பச்சை. நல்ல இரும்பு, அதில்தான் எனக்கு வயிற்றெரிச்சல். சரக்கு தேறியது என்று கையெழுத்துப் போட்டேன். உள்ளதை மாற்றிச் சொல்கிற வேலையெல்லாம் அந்த ஆளுடையது.

போகும்போது கேட்டருகே என்னைத் தனியாகப் பிடித்தார்.

"நேத்து சூடா இருக்குன்னு தெரிஞ்சுதானே தட்டினீங்க?"

"தெரிஞ்சுதான் சார். தட்டச் சொன்னது நீங்க. அன்னிக்கும் தெரிஞ்சுதான் தட்டினேன், அன்னிக்கும் தட்டச் சொன்னது நீங்கதான்."

அவர் வண்டிப் பக்கம் திரும்பினார்.

"இனிமே என்னைப் பத்தி எங்க பேச்சு வந்தாலும், நேத்து இங்க சொன்னதை அங்கயும் சொல்லணும்."

தலையை ஆட்டினார்.

"தலையை ஆட்டினா எனக்குக் கேக்காது சார்" என்றேன். "வாயால சொல்லுங்க."