நாலு விரல் ஜன்னல்

அந்தப் பூட்டை முதலில் பார்த்தபோது, ஏதோ பொம்மை வண்டியிலிருந்து கழன்று விழுந்த துண்டு என்றுதான் நினைத்தேன். கட்டை விரல் நீளம்கூட இல்லை. என் அறை ஜன்னலில் கண்ணாடிக் கதவு ஓடுகிற பள்ளத்தைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கதவைத் தள்ளினேன். நாலு விரல் அகலம் திறந்து டக்கென்று நின்றது. பலமாகத் தள்ளினேன். அது அசையவில்லை, என் வளையல்தான் கண்ணாடியில் மோதியது.

கோயிலுக்குப் போய்விட்டு வருவதற்குள் யாரோ வந்து மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் இல்லாத நேரம் பார்த்து! எனக்கு அங்கேயே பொறி தட்டியது.

மகனிடம் கேட்டேன். அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டே, "சேஃப்டிக்கும்மா. காத்தும் வரும், ஆளும் வர முடியாது" என்றான்.

"ரெண்டாவது மாடிக்கு எவன்டா வருவான்? பறந்தா வருவான்?"

"கொரங்கு வரும்மா."

குரங்கு! பெங்களூர் ஜோகுபாளையத்தில் நான் வாழ்ந்த இத்தனை வருஷத்தில் என் ஜன்னலுக்கு வந்தது காக்கையும் கிளியும்தான். பொய் சொல்லும்போது அவன் சின்ன வயதிலிருந்தே செருப்பைத்தான் பார்ப்பான்.

"சாவி எங்கடா?"

"அவகிட்ட இருக்கு."

அவள் என்றால் என் மருமகள். சாவி அவளோடு ஆபீசுக்குப் போய்விட்டது. என் ஜன்னலின் சாவி, யாரோ கம்ப்யூட்டர் கம்பெனியில் ஒரு கைப்பைக்குள்!

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல இதைப் போனில் ஏற்றுகிறவள் இதே மருமகள்தான். "அத்தே, இதெல்லாமா எழுதணும்?" என்று கேட்கிறாள். எழுதத்தான் வேண்டும். அப்போது நான் அவளைச் சந்தேகப்பட்டேன், இல்லையென்று சொன்னால் பொய்.

ஏன் சந்தேகம் என்றால், தூக்கு. அவளுக்குக் கல்யாணச் சீராக வந்த எவர்சில்வர் தூக்கு. மூடியில் அவள் அம்மா வீட்டுப் பெயர் பொறித்திருக்குமாம். எனக்கு அந்த எழுத்து தெரியாது, அடியில் ஒரு பக்கம் நசுங்கியிருப்பதுதான் அடையாளம். பூட்டு வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், "அத்தே, என் தூக்கு எங்க? ரொம்ப நாளா கண்ணுல படலியே" என்று கேட்டிருந்தாள். "எங்க போகும், இங்கதான் கெடக்கும்" என்று சொல்லிவிட்டு நான் வெங்காயம் உரிக்கப் போய்விட்டேன்.

தூக்கு எங்கே என்று எனக்குத் தெரியும். எதிர் ஜன்னலில் இருந்தது.

எங்கள் வீட்டுக்கும் பின்வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்து. சந்து என்றால் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போகலாம், ஏறி ஓட்ட முடியாது. அந்த வீட்டின் வாசல் அந்தப் பக்கத்துத் தெருவில். பழைய கிரில் துருப்பிடித்துவிட்டது என்று எடுத்துப்போட்டு மகன் இந்தத் தள்ளு ஜன்னலை வைத்தானே, அன்றைக்கு நான் வெளியே தலையை நீட்டினேன். எதிரே ஒரு தலை. "ஊட்டா ஆயித்தா?" என்று கேட்டது. சாப்பிட்டாயா என்று கேட்கிறவளை விட முடியுமா? அன்றிலிருந்து சிநேகம்.

அவள் கன்னடக்காரி. நான் பேசுகிற கன்னடமும் அவள் பேசுகிற தமிழும் சேர்ந்தால் ஒரு முழு பாஷை வந்துவிடும். நான் ரசம் கொடுப்பேன், அவள் ஹோளிகே, அதாவது நம்ம போளி, கொடுப்பாள். அவள் சாம்பாரில் வெல்லம் போடுவாள். அதை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை, ஆனால் ஒரு சொட்டு மீதி வைத்ததும் இல்லை.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பழக்கம், வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தர மாட்டோம். ஏதாவது செய்து, அதில் போட்டுத்தான் கொடுப்போம். அதனால் எந்த நேரமும் எங்கள் வீட்டுப் பாத்திரம் நாலைந்து அங்கே இருக்கும், அவர்களுடையது இங்கே இருக்கும். தூக்கில் நான் புளியோதரை கொடுத்தேன். அது திரும்புவதற்குள் பூட்டு வந்துவிட்டது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். தூக்கு காணோம், பூட்டு வந்தது. கிழவி வீட்டுச் சாமானை ஜன்னல் வழியாகக் கடத்துகிறாள் என்று இவள் முடிவு கட்டிவிட்டாள்! நான் அப்படித்தான் நினைத்தேன். வேறு எப்படி நினைப்பது? மகனும் மருமகளும் என் முன்னால் இங்கிலீஷில் வேறு பேசிக்கொண்டார்கள். நடுவில் "விண்டோ" என்று வந்தது. அந்த ஒரு வார்த்தை போதாதா எனக்கு?

அவள் மறுபடி கேட்பதற்குள் தூக்கைத் திரும்ப வாங்கிவிட வேண்டும், நான் கடத்தல்காரி இல்லையென்று காட்ட வேண்டும். எனக்கு அது ஒன்றே குறி. தெரு வழியாகப் போகலாமே என்பீர்கள். மாடி இறங்கி, மெயின் ரோடு சுற்றி, அங்கே ஒரு மாடி ஏறி... என் முழங்காலிடம் கேட்டுப் பாருங்கள்.

ஜன்னல் இடுக்கில் கையை விட்டேன். கை போயிற்று, தோள் நின்றுவிட்டது. எதிரே அவளும் கையை நீட்டினாள். இரண்டு கைக்கும் நடுவில் ஒரு சாண்.

"ஏனு ரீ இது, ஜெயில் மாதிரி!" என்றாள் அவள்.

"என் மருமக வச்ச பூட்டு. என்னை நம்பல அவ."

"பரவாகில்ல ரீ, காத்து வருதில்ல?" என்றாள். பக்கத்து வீட்டில் பால் பொங்கினாலே கத்துகிறவள் இதற்கு இவ்வளவுதான் பேசினாள். உடனே எனக்கு அவள் மேலும் சந்தேகம் வந்துவிட்டது. தூக்கைத் திருப்பித் தர மனசில்லையோ? நல்ல கனமான தூக்கு அது. இப்போதெல்லாம் அந்த மாதிரி தகடு எங்கே வருகிறது?

"சரி, கம்பியில மாட்டித் தூக்க நீட்டுங்க" என்றேன்.

"இடுக்குல நுழையுமா ரீ? தூக்கு என்ன தோசையா?"

அதுவும் சரிதான். ஆனால் தோசை நுழையும் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. ஒரு தோசையைச் சுருட்டி, நீளக் கரண்டியில் வைத்து இடுக்கு வழியாக நீட்டினேன். எங்களுக்குள் கொடுக்கல் வாங்கல் நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான். அவள் விரல் படுவதற்குள் தோசை சரிந்து கீழ்வீட்டுக்காரர் ஸ்கூட்டர் சீட்டில் போய்ப் படுத்துக்கொண்டது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஜன்னலை விட்டு உள்ளே நகர்ந்துகொண்டோம். அவர் கீழே, "யாருங்க அது, மேலேருந்து தோசை?" என்று கத்தினார். இரண்டு வீட்டிலும் சத்தமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காலிங் பெல் அடித்தது. நான்தான் திறந்தேன். வாசலில் ஒரு குட்டையான அம்மாள், மூச்சு வாங்க நின்றிருந்தாள். என் தோளுக்கும் வர மாட்டாள்.

"யாரு வேணும்?"

"ஏன்ரீ, நானே ரீ!"

குரல் எதிர் ஜன்னல். உருவம் யாரோ. இத்தனை வருஷம் இடுப்புக்கு மேலேதான் பார்த்திருக்கிறேன். அவளுக்குக் கால் இருப்பதையே அன்றைக்குத்தான் பார்த்தேன், மெட்டியோடு. கையில் என் மருமகளின் தூக்கு. மூடி ஓரத்தில் நெய் கசிந்திருந்தது.

நான் தூக்கை முந்தானையில் மறைக்கப் பார்த்தேன். அதற்குள் மருமகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஆச்சரியமே படவில்லை. "வாங்கம்மா, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், இரண்டு காபியோடு வந்தாள். எனக்கு ஒன்று. வந்தவளுக்குச் சர்க்கரை போடாதது. கேட்கவே இல்லை, சர்க்கரை போடாமல் கொண்டுவந்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. "இவங்களுக்குச் சர்க்கர வேணாம்னு ஒனக்கு எப்படிம்மா தெரியும்?"

மருமகள் அவளைப் பார்த்தாள். அவள் காபியைப் பார்த்தாள்.

"நானே சொன்னேன் ரீ" என்றாள் கடைசியில். "உங்க சொசேய எங்க வீட்டுக்குக் கூப்ட்டு, காபி குடுத்து, நானே சொன்னேன். பூட்டு போடுன்னு." சொசே என்றால் அவர்கள் பாஷையில் மருமகள்.

"நீங்களா!"

"மத்தே? பின்ன யாரு? பாதி உடம்ப வெளிய வச்சிட்டுத் தூக்க நீட்றீங்க. புளியோதரை குடுத்தீங்களே, அன்னிக்கு ரெண்டு காலும் தரையில இல்ல. தூக்கப் பிடிக்கறதா, உங்களப் பிடிக்கறதா நானு? அன்னிக்கு ராத்திரி எனக்கு நித்திரையே இல்ல ரீ."

"அதை என்கிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீங்க கோவிச்சிட்டு ஜன்னலையே சாத்திடுவீங்க. மொத்தமா மூடிடலாம்னு உங்க மகன் சொன்னாரு. நான்தான் வேணாம்னேன். இப்போ பாருங்க, நாலு விரலாவது தொறந்திருக்கு."

நான் மருமகள் பக்கம் திரும்பினேன். "அப்போ தூக்கு?"

"தூக்கு அங்க இருக்கறது காபி குடிக்கப் போனப்பவே எனக்குத் தெரியும் அத்தே. அதுலதான் சர்க்கர வச்சிருந்தாங்க."

தலையைக் குனிந்தேன். குனிந்தபோது மறுபடி அந்தக் குட்டைக் கால்கள் கண்ணில் பட்டன. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளுக்குப் பாதம் தரையைத் தொடவில்லை.

"இருங்க, இருங்க. ஜன்னல்ல நீங்க என் ஒசரம் நிப்பீங்களே, எப்படி?"

அவள் காபியை வேகமாகக் குடித்தாள்.

"கேக்கறேன்ல?"

"...ஸ்டூல் ரீ."

"ஸ்டூல் மேல ஏறி நின்னுக்கிட்டா எனக்குப் பூட்டு போடச் சொன்னீங்க!"

"ஆடாத ஸ்டூல் ரீ" என்றாள் மெதுவாக.

நான் சிரித்த சிரிப்பில் புரையேற, மருமகள் தண்ணீர் கொண்டு வந்தாள். அந்தத் தண்ணீரைக் குடித்ததும் நான் செய்த முதல் வேலை, பின்வீட்டு மருமகளுக்குப் போன் போடச் சொன்னதுதான். அடுத்த வாரமே எதிர் ஜன்னலிலும் ஒரு கட்டை விரல் பூட்டு வந்துவிட்டது. ஸ்டூலைத் தூக்கி மேல் பரணில் போட்டுவிட்டார்கள். இப்போது ஜன்னலில் அவளுடைய நெற்றியும் கண்ணும் மட்டும் தெரிகிறது. பேச அது போதும். பாத்திரங்கள் இரண்டு மருமகள்களோடு தெரு வழியாகப் போய் வருகின்றன. வெறுமனே வருவதில்லை.

அன்றைக்குத் தூக்கில் வந்தது பிஸிபேளா பாத். அதிலும் வெல்லம்.

சாவி இப்போது சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. என் கைக்கு எட்டும். நான் எடுப்பதில்லை. ஆனால் ஆபீசுக்குக் கிளம்பும்போது மருமகள் அந்த ஆணியை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் போகிறாள். இதை ஏற்றும்போது, "நான் எங்க பாக்கறேன்?" என்கிறாள். செருப்பைப் பார்த்துக்கொண்டு சொல்கிறாள்.