முன்வரிசைக்கு வந்த முப்பிடாதி

என் மாமியார் முப்பிடாதி ஐம்பத்தெட்டாவது வயதில்தான் முதன்முதலாக உட்கார்ந்து ஒரு கச்சேரி கேட்கக் கிளம்பினார். அதற்கு முன்னால் கேட்டதெல்லாம் அடுப்புக்கு முன்னால் குனிந்தபடி கேட்டது.

ஏரலுக்குப் பக்கத்தில் தாமிரபரணிக் கரையில் அவர்கள் ஊர். நெல்லும் வாழையுமாக வாழ்ந்த குடும்பம். ஊர் அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு வருஷம் தவறாமல் நாயனமும் தவிலும் வரும். மேளக்காரர்கள் கோவில் முன்னால் நின்று வாசிக்கும்போது ஆண்கள் சுற்றி நிற்பார்கள். பெண்கள் பொங்கல் பானையைக் கிண்டிக்கொண்டிருப்பார்கள். பொங்கல் முடிந்தால் விருந்தாளிகளுக்குச் சோறு, அது முடிந்தால் பாத்திரம். பாத்திரம் கழுவி நிமிரும்போது மேளக்காரர்கள் நாயனத்தை உறைக்குள் போட்டிருப்பார்கள்.

"மேளம் என் காதுல விழாம இருந்ததில்ல, ஏளா. ஆனா ஒருநாளும் முழுசா விழுந்ததில்ல" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். "நாயனம் நல்லா மேல ஏறி வரும். அப்பந்தான் எவளாவது வந்து உப்பு எங்கன இருக்குன்னு கேப்பா."

அத்தைக்கு ராகங்களின் பேர் தெரியாது. தானே பேர் வைத்திருந்தார். ஒன்று விடியக்காலை ராகம், ஒன்று மகளை அனுப்பிவைக்கிற ராகம், ஒன்று நடவு ராகம். வயலில் நிற்கும்போது முனகுவார். யாராவது பக்கத்தில் வந்தால் நிறுத்திவிடுவார்.

என் கணவர் ஆறுமுகநயினார் அவருக்கு மூத்த மகன். தூத்துக்குடி ஹார்பரில் கிளார்க். எங்களுக்குக் கல்யாணமானதும் நான் தூத்துக்குடிக்கு வந்துவிட்டேன். எழுபத்து மூன்றில் என் கடைசி நாத்தனாரின் கல்யாணம் நடந்தது. மறுவீடு, விருந்து எல்லாம் ஓய்ந்த ஒரு மத்தியானம், மாமா நயினார் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அத்தை பேச்சை எடுத்தார்.

"தூத்துக்குடியில கடற்கரைப் பக்கம் மைதானத்துல சித்திரைக்கு இசை விழா நடக்குதாம். நான் போயி நாயனம் கேக்கப்போறேன்."

மாமா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "எதுக்கு?"

"கேக்கத்தான்."

"ஒரு பொம்பள கச்சேரிக்குன்னு பஸ் ஏறிப் போனா ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு என்ன சொல்லுதுன்னு நீங்க கேட்டு வைங்க. நாயனம் என்ன சொல்லுதுன்னு நான் கேட்டுட்டு வாரேன்."

இதைச் சொல்லிவிட்டு அவருக்கு மோர் ஊற்றினாராம். கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. மாமா மோரைக் குடித்துவிட்டு எழுந்து வாழைத்தோட்டத்துக்குப் போய்விட்டார். அந்த வாரக் கடைசியில் அத்தை ஒரு மஞ்சள் பையுடன் எங்கள் வீட்டு வாசலில் நின்றார்.

என் கணவருக்கும் இது பிடிக்கவில்லை. "யம்மா, அந்தக் கூட்டத்துல போயி ஏன் இடிபடணும்? நம்ம வீட்டுலயே ரேடியோ இருக்கு. நாயனம் போடும்போது வச்சுவிடுதேன்."

"அது பெட்டிக்குள்ள இருந்து வருதுல்லா. எனக்கு ஆளைப் பாக்கணும்" என்றார் அத்தை. என்னைப் பார்த்து, "ஏளா செல்லக்கிளி, நீ வாரியா?" என்றார்.

எனக்கு நாயனத்தில் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. ஆனால் அப்படி ஒருவர் என்னைக் கூப்பிட்டு வெகுநாளாகியிருந்தது. போனேன்.

அந்த முதல் வருஷம் எங்களுக்கு ஒன்றும் நல்லபடியாக அமையவில்லை. மேடைக்கு முன்னால் பெரிய மனிதர்களுக்கு நாற்காலிகள். அதற்குப் பின்னால் கயிறு. கயிற்றுக்கு இந்தப் பக்கம் மணலில் ஆண்கள். அவர்களுக்கும் பின்னால், மைதானத்தின் கடைசி மூலையில் பெண்களுக்கு இடம். அந்த மூலையில்தான் விளக்குக்கும் மைக்குக்கும் கரண்ட் கொடுக்கிற என்ஜின் இருந்தது. மேடையில் நாயனக்காரர் கன்னம் உப்புவது தெரிந்தது. காதில் விழுந்தது என்ஜினின் தடதடப்பு மட்டும். மண்ணெண்ணெய்ப் புகை வேறு.

மைக் செட் வைத்திருந்தவர் ரோச் என்று ஒரு புன்னைக்காயல்காரர். நாற்பது வயதிருக்கும். சட்டை முழுக்க எண்ணெய்க் கறை. அத்தை எழுந்து அவரிடம் போனார்.

"தம்பி, இதக் கொஞ்சம் அங்கன தள்ளி வைக்கக்கூடாதா?"

"வயர் எட்டாது ஆச்சி. கமிட்டியில இங்கனதான் வைக்கச் சொன்னாவ."

"பொம்பளைகளுக்குக் கேக்கலையே."

ரோச் சங்கடப்பட்டார். "இதுவரைக்கும் யாரும் கேக்கலைன்னு வந்து சொன்னதில்ல, ஆச்சி."

அது உண்மைதான். எங்களைச் சுற்றியிருந்த பெண்கள் வறுகடலை தின்றுகொண்டு வீட்டுக்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தை கடைசிவரை மேடையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரும்பி நடக்கும்போது, அத்தோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன்.

"அடுத்து திருச்செந்தூர்ல ஆவணித் திருவிழா வருதுல்லா?" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் பயணம் ஆரம்பித்தது. திருச்செந்தூரில் கடற்காற்றுக்கு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வீதி உலாவில் மேளத்துக்கு நேர் பின்னாலேயே நடந்தார். பங்குனி உத்திரத்துக்குக் கழுகுமலை போனோம். மலையடிவாரத்தில் வெயிலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்று கேட்டார். நடந்து போகிற மேளத்தோடு நாமும் நடந்தால் யாரும் கயிறு கட்டித் தடுக்க முடியாது என்பதை அவர் கண்டுபிடித்திருந்தார். ஒருமுறை ரோச்சே எங்களைத் தன் ஊர் மாதா கோவில் திருவிழாவுக்குக் கூப்பிட்டார். என்ஜினுக்குப் பக்கத்தில் உட்காரவைத்ததில் அவருக்கு மனசு ஆறவில்லை போல. புன்னைக்காயலில் காலைநேரம், கரையில் வள்ளங்களை வரிசையாக ஏற்றிவைத்திருந்தார்கள். சப்பரத்தில் வந்த மாதா சுரூபத்துக்கு முன்னால் பேண்டு வாத்தியம் போனது. அத்தை கிளாரினெட்டை அன்றுதான் கிட்டத்தில் பார்த்தார். வாசித்தவர் ஓய்வுக்கு நின்றபோது, "இதுக்கும் நாயனம் மாதிரி வாயில வச்சு ஊதுத சீவாளி உண்டா?" என்று கேட்டார். அவர் வாத்தியத்தின் வாயை அத்தையிடம் காட்டினார். அத்தை ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கும் காது பழகிவிட்டது. எந்த இடத்தில் தவில்காரர் விலகி நிற்பார், எங்கே விட்டுப் பிடிப்பார் என்று தெரிந்தது. நான் தலையாட்டும்போது அத்தை ஓரக்கண்ணால் பார்த்துச் சிரிப்பார். மாமியார் மருமகள் என்றால் அடுப்படியில் முறைத்துக்கொள்கிறவர்கள் என்று நினைத்திருந்த எங்கள் தெருக்காரர்களுக்கு, நாங்கள் இருவரும் கட்டுச்சோற்றோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போவது வேடிக்கையாக இருந்தது.

எழுபத்தேழு சித்திரையில் மறுபடி கடற்கரை மைதானம். ஆத்தூர் சொரிமுத்துவின் நாயனம். அந்தப் பக்கத்தில் அவர் பேரைச் சொன்னாலே கூட்டம் கூடும். அன்று மாமாவும் வந்திருந்தார். வாழைக்காய் விலை பேச மார்க்கெட்டுக்கு வந்ததாகச் சொன்னார். மார்க்கெட் காலையிலேயே முடிந்துவிட்டது. சாயங்காலம் மகனோடு ஆண்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். எங்கள் பக்கம் திரும்பவேயில்லை.

நாங்கள் பழைய மூலையில்தான் இருந்தோம். இத்தனை வருஷத்தில் கயிறும் நாற்காலியும் என்ஜினும் இடம் மாறவில்லை. வெயில் தணிந்து, காற்று வீச ஆரம்பித்திருந்தது. சொரிமுத்து ராகத்தை மெல்ல எடுத்தார். அத்தை என் கையைப் பிடித்தார். "விடியக்காலை ராகம்" என்றார். என்ஜின் சத்தத்துக்குள்ளும் அவருக்கு அது பிடிபட்டுவிட்டது.

ராகம் மேலே ஏறிக்கொண்டிருந்தபோது என்ஜின் இரண்டு தரம் இருமியது. பிறகு நின்றுவிட்டது. ஒலிபெருக்கிகள் செத்துப்போயின. ரோச் ஓடிவந்து என்ஜின் சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி இழுத்தார். அது உறுமவேயில்லை.

பின்பக்கத்து ஆட்கள் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டார்கள். விழாக் கமிட்டிச் செயலாளர் சுதர்சனம் மேடைக்கு ஏறினார். ஹைஸ்கூலில் வாத்தியாராக இருந்து ரிட்டையரானவர், நல்ல மனிதர். கையைக் கூப்பிக்கொண்டு, "மன்னிக்கணும். ரிப்பேர் பார்க்க நேரமாகும். இன்றைய கச்சேரியை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்" என்று உரக்கச் சொன்னார். சொரிமுத்து நாயனத்தை மடியில் வைத்துவிட்டார்.

அத்தை என் கையை விட்டார். எழுந்தார். ஆண்களுக்கு நடுவே இருந்த பாதையில் நேராக நடக்க ஆரம்பித்தார். அவர் கயிற்றருகே போய் நின்றதும் பேச்சு அடங்கியது.

"ஐயா, ஏன் நிப்பாட்டுதீக?"

சுதர்சனம் குனிந்து பார்த்தார். "மைக் இல்லையேம்மா."

"நாயனத்துக்கு மைக்கு எதுக்கு? ரெண்டு வயலு தாண்டி நான் கேட்டிருக்கேன்."

"பின்னால இருக்கிறவங்களுக்குக் கேட்காது. இவ்வளவு பெரிய மைதானம்."

"பின்னால இருக்கவுக முன்னால வந்தா கேக்கும்."

அவர் பதில் சொல்வதற்குள் அத்தை கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போய்விட்டார். நாற்காலிக்காரர்களைக் கடந்து, மேடைக்கு முன்னால் கிடந்த வெறும் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அந்தப் பெரிய மைதானத்தில் தன்னந்தனியாக.

ஆண்கள் பக்கம் மாமா எழுந்து நிற்பதைப் பார்த்தேன். அவர் கூப்பிட்டுத் திட்டப்போகிறார் என்று பயந்தேன். என் கால் தானாக நடந்தது. நானும் கயிற்றுக்குள் நுழைந்து அத்தை பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் சேலைகள் சரசரக்கிற சத்தம் கேட்டது. திரும்பினால், எங்கள் மூலையிலிருந்த பெண்கள் அத்தனை பேரும் வந்துகொண்டிருந்தார்கள். கடலைப் பொட்டலத்தோடு, இடுப்பில் பிள்ளையோடு. வருஷக்கணக்காக என்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். கயிறு அறுந்து மணலில் கிடந்தது. யார் அறுத்தார்கள் என்று தெரியாது. அவர்களுக்குப் பின்னால் ஆண்களும் நெருங்கி வந்து உட்கார்ந்தார்கள்.

சுதர்சனம் தானும் மேடையை விட்டு இறங்கி மணலில் உட்கார்ந்தார்.

சொரிமுத்து அத்தையைப் பார்த்து, "என்ன வாசிக்கட்டும் ஆச்சி?" என்றார்.

"பாதியில விட்டதையே முடியுங்க."

அவர் சிரித்துவிட்டார். மேடையிலிருந்து இறங்கினார். தவில்காரர் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார். கோவில் வீதியில் நிற்கிற மாதிரி கூட்டத்துக்கு நடுவில் நின்று, விட்ட இடத்திலிருந்து ராகத்தை எடுத்தார்.

நான் அதுவரை எத்தனையோ கேட்டிருந்தேன். அந்த மாதிரி கேட்டதில்லை. சத்தம் காதுக்கு வரவில்லை, நேராக நெஞ்சில் வந்து இறங்கியது. தவில் விழும்போது உட்கார்ந்திருந்த மணல் அதிர்ந்தது. சொரிமுத்து ஒரே மூச்சில் மேலே போய் அங்கேயே நின்றார். கூட்டமும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. அவர் இறங்கியதும், பெண்கள் பக்கத்திலிருந்துதான் முதல் "ஆகா" வந்தது. அத்தை அழவில்லை. முதுகை நேராக வைத்துக்கொண்டு, கண்ணை மூடாமல், வாசிக்கிறவரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுவில் எங்கேயோ என்ஜின் தடதடத்தது. ரோச் சரிசெய்துவிட்டார். சொரிமுத்து வாசிப்பதை நிறுத்தாமல் அந்தப் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினார். ரோச் புரிந்துகொண்டு அதை அணைத்தார். இருட்டியதும் யாரோ பெட்ரோமாக்ஸ் விளக்குகளைக் கொண்டுவந்து மணலில் வைத்தார்கள். அதன் வெளிச்சத்தில் கச்சேரி நடந்து முடிந்தது.

கூட்டம் கலைந்தபோது மாமா எங்களிடம் வந்தார். வேட்டியெல்லாம் மணல். அத்தையின் முகத்தைப் பார்க்காமல், "கொள்ளாம், நல்லாத்தான் வாசிக்கான்" என்றார். கொஞ்சதூரம் நடந்த பிறகு, "அடுத்து எங்க?" என்று கேட்டார்.

"நீங்க எதுக்கு? ஊரு ஏதாவது சொல்லிறப்போவுது."

"நான் இருக்கும்போது எவன் சொல்லுவான்?" என்றார் மாமா. என் கணவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

மறுவருஷம் பங்குனியில் சுதர்சனம் எங்கள் வீட்டுக்கே வந்தார். அத்தை அப்போது எங்களோடு இருந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னதற்கு உட்காராமல் நின்றபடியே, "அம்மா, இந்த வருஷம் மேடையை எங்கே போடலாம்னு உங்களைக் கேட்டுட்டு வரச் சொன்னாங்க கமிட்டியில" என்றார்.

அத்தை சேலையைச் சரிசெய்துகொண்டு அவரோடு மைதானத்துக்குப் போனார். நானும் போனேன். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று நின்று பார்த்தார். நடந்து பார்த்தார். பிறகு மைதானத்தின் நடுவில் காலால் ஒரு கோடு போட்டார். மேடை அங்கே வந்தது. ஒரு பக்கம் முழுக்கப் பெண்கள், மறுபக்கம் ஆண்கள். நாற்காலிகள் இரண்டு ஓரத்துக்கும் போயின. ரோச் புதிதாக நீள வயர் வாங்கி, என்ஜினைக் கோட்டைச்சுவர் மாதிரி நின்ற ஒரு பழைய சரக்குக் கிட்டங்கியின் சுவருக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். விழா நோட்டீஸில் கமிட்டி உறுப்பினர்கள் என்று அச்சடித்திருந்த இடத்தில் ஏரல் முப்பிடாதி அம்மாள் என்று ஒரு பேர் இருந்தது. பெண் பேர் அது ஒன்றுதான். என் கணவர் அதை ஹார்பர் ஆபீசுக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் காட்டினார்.

எழுபத்தொன்பதில் ஆற்றங்கரை ஊரிலிருந்தே பெண்கள் கிளம்பினார்கள். கழுகுமலைப் பங்குனி உத்திரத்துக்கு ஒரு பஸ் நிறைய. கொடைக்குக் கொடை பொங்கல் பானையைக் கிண்டியவர்கள்தான் அதில் முக்கால்வாசிப் பேர். பஸ் கயத்தாறு தாண்டும்போதே உள்ளே குலவை கேட்டது. மாமா டிரைவர் பக்கத்தில் தண்ணீர்க் குடத்தைக் காலுக்கிடையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தேர் வீதி முனையில் இறங்கியபோது தூரத்தில் மேளம் ஆரம்பித்துவிட்டது. அறுபத்து நாலு வயது முப்பிடாதி யாருக்காகவும் காத்திருக்கவில்லை. சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு சத்தம் வந்த திக்கில் வேகமாக நடந்தார். பின்னால் ஒரு பஸ் பெண்களும் நடந்தோம்.