முதுகு உரசாத சுவர்

குற்றாலத்தில் எங்கள் வீட்டைச் சாரல் காலத்தில் வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுவோம். சுண்ணாம்புச் சுவரில் எண்ணெய்க் கறை படிகிறதே என்று குளியலறைச் சுவர் முழுக்கக் கல் பலகை பதித்தோம். அதுவே வினையாயிற்று. வருஷந்தோறும் வரும் சிவகிரி அண்ணாச்சி எண்ணெய் தேய்த்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். துருத்தி நின்ற கல் விளிம்பு முதுகைச் சிராய்த்துவிட்டது.

"குளிக்க வந்தேனா, தோலை உரிக்க வந்தேனா? அடுத்த சாரலுக்கு வேற வீடு பாத்துக்கிடுதேன்" என்று கத்தினார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சாரல் ஓய்ந்ததும் கல் பதித்த கொத்தனாரையே கூப்பிட்டு, அத்தனை கல்லையும் பெயர்க்கச் சொன்னேன்.

"ஒரு கல்லு தடிசு, ஒரு கல்லு மெலிசும்மா. நான் எல்லாத்துக்கும் ஒரே அளவாத்தான் சாந்து வச்சேன்" என்றார்.

"அங்கனதான் தப்பு. சாயுதவங்க மேல படுதது கல்லோட முகந்தானே? நீரு முகத்தை நேர் பண்ணும். பின்னால சாந்து கூடுனா என்ன, கொறைஞ்சா என்ன?" என்றேன்.

மூலைக்கு மூலை நூல் கட்டி, ஒவ்வொரு கல்லின் முகமும் நூலை ஒட்டி நிற்கும்படி பதிக்க வைத்தேன். தடித்த கல்லுக்குச் சாந்து குறைந்தது. மெல்லிய கல்லுக்குக் கூடியது. எல்லாம் காய்ந்தபின் ஈரத் துண்டைச் சுவரோடு ஒட்டி இழுத்தேன். எங்கும் மாட்டவில்லை!

மறு சாரலுக்கு அண்ணாச்சியை, "வந்து பாத்துட்டாவது போங்க" என்று அழைத்தேன். சட்டையைக் கழற்றிவிட்டு முதுகை இடமும் வலமுமாகத் தேய்த்துப் பார்த்தார்.

"ஏம்மா, இது கல்லு பதிச்சதா, பாறையைக் குடைஞ்சதா?" என்றவர், வண்டியிலிருந்து மூட்டைகளை இறக்கச் சொன்னார்.

இப்போதெல்லாம் எந்தக் கொத்தனார் "வேலை முடிஞ்சிட்டு" என்றாலும், நான் ஈரத் துண்டோடுதான் போய் நிற்கிறேன்.