தூசியில் தங்கும் நேரம்

கல்லூரியில் வேதியியல் கடைசி ஆண்டு. ஆளுக்கொரு தலைப்பில் வகுப்பில் பேச வேண்டும். எனக்கு விழுந்தது, விண்வெளித் தூசியின் மேல் நடக்கும் வினைகளின் வேகம். வெற்று வெளியில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் மோதினால் பெரும்பாலும் ஒட்டாது. சேரும்போது பிறக்கும் ஆற்றலை வாங்கிக்கொள்ள அங்கே எதுவும் இல்லை. குளிர்ந்த தூசித் துகளின் மேல் சந்தித்தால் அந்த ஆற்றலைத் துகள் வாங்கிக்கொள்ளும், அணுக்கள் மூலக்கூறாகிவிடும். இதைப் புரிந்து எழுதவே ஒரு மாதம் பிடித்தது.

பேசும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு தந்தி வந்தது. சிலோனிலிருந்து அம்மாவும் நானும் கப்பலேறியபோது அப்பாவின் பயண அனுமதிக் காகிதம் மட்டும் வரவில்லை. நான்கு வருடமாகக் குன்னூர் பக்கம் ஒரு எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் இருவரும் காத்திருந்தோம். இப்போது அவர், சிலோனிலிருந்து திரும்புகிறவர்களைத் தங்கவைக்கும் மண்டபம் முகாமில் வந்து இறங்குகிறாராம். அம்மாவுக்குக் காய்ச்சல். நான்தான் போக வேண்டும்.

மதிப்பெண் போய்விடுமே என்று லேபில் கண் கலங்கி நின்றேன். பக்கத்து மேசைக்காரி கேத்தியில் விவசாயம் செய்யும் படுகர் வீட்டுப் பெண். பியூரெட் இரவல் கேட்பதைத் தாண்டி நாங்கள் பேசியதில்லை. விஷயத்தைக் கேட்டுக்கொண்டவள், என் நோட்டை வாங்கிப் புரட்டினாள்.

"நீ போய் அப்பாவைக் கூட்டிட்டு வா. உன் நாள்ல என் தலைப்பை நான் பேசிக்கறேன். என் நாளை நீ எடுத்துக்க."

அவள் முறைக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. தயாராகவே இல்லை என்பதை அவள் சொல்லவில்லை.

அப்பாவோடு திரும்பியபின்தான் மற்றவர்கள் சொன்னார்கள்: பாதியில் திணறி உட்கார்ந்துவிட்டாளாம், மதிப்பெண்ணும் குறைவாம். என் நோட்டைத் திறந்தால் ஒரு வரியின் பக்கத்தில் அவள் பென்சிலில் போட்ட கேள்விக்குறி. சூடு ஏறினால் வினையும் வேகமாகும் என்று எழுதியிருந்தேன். உண்மையில் துகள் கொஞ்சம் சூடானாலே அணு இன்னொன்றைச் சந்திக்குமுன் பறந்துவிடும், வேகம் குறையும். அந்தத் தவறோடு பேசியிருந்தால் நானும் திணறியிருப்பேன். திருத்தியதை வகுப்பில் சொன்னபோது, கண்டுபிடித்தது யார் என்றும் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்த ஞாயிறு அப்பாவும் நானும் கேத்திக்குப் போனோம். தோட்டத்தில் முட்டைக்கோஸ் அறுத்துக்கொண்டிருந்தாள்.

"நாலு வருசம் கழிச்சு எம்மக மொகத்தப் பாத்தேன். ஒன்னால புள்ள," என்றார் அப்பா.

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, உள்ளே வந்து காப்பி குடிக்கச் சொன்னாள்.