ரம்பம் என்று பெயர் வாங்கியவர்

மரத்தை அறுப்பது ரம்பம். எங்கள் கடைத்தெருவில் ஆளை அறுப்பவருக்கும் அதே பெயர்தான். யார் பேச்சை வளர்த்தாலும் "ரம்பம் போடாதேப்பா" என்போம். என் சாவிக்கடைக்குப் பக்கத்தில் தையல் மெஷின் பழுது பார்த்தவருக்கோ அதுவே பெயராக நிலைத்துவிட்டது.

ஊசி ஏன் உடைந்தது என்று கேட்டால், அந்த மெஷினை வாங்கிக் கொடுத்த மாமனாரிலிருந்து தொடங்குவார். வந்தவர்கள் மெஷினை இறக்கிவிட்டு ஓட்டம் பிடிப்பார்கள். அவர் மனைவி மட்டும் கடைசிவரை கேட்பாள். "முடிவு தெரியாம எப்படி எழுந்திரிக்கிறது?" என்பாள்.

வெளியூரில் இருந்த மகன் வேறு வழி வைத்திருந்தான். அப்பா கூப்பிட்டால் போனை மேசைமேல் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பான். அவ்வப்போது வந்து 'ம்' கொட்டுவான். ஒருமுறை வந்திருந்த மருமகள் இதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மனைவி படுத்த படுக்கையானாள். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, பார்க்க வேண்டியவங்க வந்து பார்த்துக்கட்டும்" என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். அன்று மதியம் இவர் கடையில் உட்கார்ந்து மகனைக் கூப்பிட்டார். கையெல்லாம் மெஷின் எண்ணெய் என்பதால் போன் ஸ்பீக்கரில் இருந்தது. ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்றுபோனது, படியேறியது, நர்ஸ் அதட்டியது என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. பாவி மனிதர், அந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்துதான் ஊரைச் சுற்றினார். கடைசியில் குரல் இறங்கியது.

"அம்மாவுக்கு இனி நாள் இல்லையாம்பா. உன்னைப் பார்க்கணும்ங்கறா. உடனே கிளம்பி வா."

"ம்... சரிப்பா, நல்லது. வச்சிடறேன்."

"அவன் கேட்கவே இல்லண்ணே! திரும்பப் போடுங்க" என்று கத்தினேன்.

"அதெப்படி? ம் கொட்டினானே! அப்பன் புள்ளைக்கு நடுவுல நீங்க வராதீங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகன் நம்பர் என்னிடம் இருந்திருந்தால் நானே போட்டிருப்பேன்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம், "புள்ள கிளம்பிட்டான்" என்றார். வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் கண் கதவுக்குப் போகும். அந்த வாரமே அந்தக் கண் மூடிவிட்டது. அவர் போனை வாங்கி மகனிடம் நான்தான் பேசினேன். "அம்மா போயிட்டாங்க. வா." அவ்வளவுதான் சொன்னேன்.

வந்தவன் அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினான். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாப்பா?"

அவர் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் வரவில்லை, படிக்கட்டு வரவில்லை, நர்ஸும் வரவில்லை.

"சொன்னேன்பா" என்றார்.