சனீஸ்வரனுக்கு நேரே

எங்கள் வீட்டில் நடக்கும் கெட்டதெல்லாம் சனீஸ்வரனின் கணக்கில்தான் போய்ச் சேரும். அப்பா கடக ராசி. ஏழரைச் சனி பிடித்திருந்த காலம். லொறியிலிருந்து சாமான் இறக்கும்போது பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து, முதுகெலும்பில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒஸ்லோவில் பனியில் வழுக்காத மனிதர் யார்? ஆனால் அம்மா ஒருநாளும் பனியைக் குறை சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் கோயிலுக்குப் போய் எள்ளெண்ணெய் எரித்தார். அப்போதும் சனீஸ்வரனுக்குப் பக்கவாட்டில்தான் நிற்பார். "நேர நில்லாதேங்கோ, பார்வை பட்டிடும்" என்று என்னையும் இழுத்துக்கொள்வார். பிள்ளைகளையும் 'ங்கோ' போட்டுக் கூப்பிடுவது அம்மாவின் வழக்கம்.

எனக்கு அப்போது பத்து வயது. ஒஸ்லோவின் புருசெத் பகுதியில் இருந்த எங்கள் பள்ளிக்கூடத்தில் வானத்தைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. நானூறு வருடங்களுக்கு முன் இத்தாலியில் ஒருவர் குழாயில் கண்ணாடி பொருத்தி வானத்தைப் பார்த்தாராம். சந்திரனில் மலைகளையும் வியாழனைச் சுற்றி நிலவுகளையும் கண்டாராம். சனிக்கு இரண்டு பக்கமும் காதுபோல ஏதோ இருக்கக் கண்டு குழம்பியும் போனாராம். வந்து பாருங்கள் என்று கூப்பிட்டால், பெரிய படிப்புப் படித்த சிலர் குழாயில் கண்ணை வைக்கவே மறுத்துவிட்டார்களாம். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், பிறகு அம்மாவின் நினைவு வந்து வாயை மூடிக்கொண்டேன்.

அப்பாவுக்குச் சத்திரசிகிச்சை குறித்திருந்த நாளுக்கு முதல்நாள், ஆசிரியர் தன் தொலைநோக்கியைப் பள்ளி முற்றத்தில் நிறுத்தினார். மாலை ஐந்து மணிக்கே கும்மிருட்டு. என் முறை வந்தது.

கறுப்புக்கு நடுவே, வளையத்தோடு, மஞ்சளாக, துளியூண்டு சனி. கண்ணாடியில் யாரோ ஸ்டிக்கர் ஒட்டி ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்துக் குழாயின் முன்பக்கம் போய்ப் பார்த்தேன். ஒன்றுமில்லை. திரும்பி வந்து கண்ணை வைத்தபோது அது மெல்ல ஓரத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தது. நகர்வது சனியல்ல, நீ நிற்கும் பூமிதான் என்றார் ஆசிரியர். நான் பயந்துபோய்க் காலடிப் பனியைப் பார்த்தேன். இவ்வளவு வடிவான ஒன்று அப்பாவை ஏன் தள்ளி விழுத்தப்போகிறது?

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே என்னைக் கூட்டிப்போக அம்மா வந்தார். அப்பா இனி நடப்பாரா என்பதை டாக்டர்களாலும் சொல்ல முடியவில்லை.

"அம்மா, சனி தெரியுது! வந்து பாருங்கோ!"

"சனீஸ்வரனையோ? நேரயோ பாத்தனீங்கள்?" என்னைப் பிடித்துத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்தார்.

"அந்தக் காலத்திலை படிச்ச ஆக்களும் இப்பிடித்தான் பயந்தவை" என்றேன், பெரிய மனுசி போல.

அம்மா கையுறைகளையும் தொப்பியையும் கழற்றி என்னிடம் தந்தார். தொப்பி குழாயில் இடிக்கும் என்றுதான் கழற்றுகிறார் என நினைத்தேன். குனிந்து கண்ணை வைத்தவர் நிமிரவேயில்லை. குளிரில் விரல்கள் சிவந்தன. உதடுகள் அசைந்தன.

"நான் இஞ்சை நேர நிக்கிறன். போதும், அவரை விடுங்கோ."

ஆசிரியர் பக்கத்தில் நடுங்கிக்கொண்டிருந்தார். பாவம், அவரை வீட்டுக்குப் போகவிடச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு, நீங்கள் போகலாமாம் என்று நொர்வேஜிய மொழியில் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே தொலைநோக்கியை மடித்தார்.

அப்பா நடந்தார். ஒரு கால் கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான். எங்கள் வீட்டுக்குள் விஞ்ஞானம் நுழைந்த நாள் என்று இந்தக் கதையை நான் எத்தனையோ பேருக்குப் பெருமையடித்திருக்கிறேன்.

போன வருடம் கோயிலில், வழக்கம்போல் அம்மா சனீஸ்வரனுக்கு நேரே வராமல் ஒதுங்கி நின்றார். "அண்டைக்குக் குழாயிலை நேர பாத்தனீங்கள்தானே, இப்ப என்ன பயம்?" என்று சீண்டினேன்.

அம்மா, வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்த அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

"அண்டைக்குப் பயமில்லாமலோ பாத்தனான்?"

எங்கள் வீட்டில் அம்மா வாயில் 'அவர்' என்றால் ஒரே ஒருவர்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.